சிங்குக்கு அடியில் குனிந்து பாருங்கள்

திருச்சியில் 31 ஆண்டுகளாகத் தச்சுப் பட்டறை நடத்திவரும் நம் பத்தியாளர், மாடுலர் சமையலறை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

சமையலறை போடப் போகிறவர்கள் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவைத்தேன். பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றியவை. மேல் வரிசைக்குக் கிரீம், கீழ் வரிசைக்கு மாம்பழ மஞ்சள் போடலாமா என்று ஒருவர் படம் வரைந்தே அனுப்பியிருக்கிறார். போடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். நிறத்துக்கு என்னிடம் அனுமதி வேண்டியதில்லை என்பதால் அந்தக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டேன், வருத்தப்பட வேண்டாம். இந்த முறை எடுத்துக்கொண்டவை எல்லாம், கதவைத் திறந்தால்தான் தெரியும் சங்கதிகள்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி: அம்மா, நாங்கள் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். 2015 வெள்ளத்தில் மர பீரோ போயிற்று. 2023 டிசம்பர் புயலில், நான்கு வருடங்களுக்கு முன்புதான் போட்ட மாடுலர் கிச்சனின் கீழ்ப்பெட்டிகள் அத்தனையும் ஊறி உப்பிவிட்டன. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் போட வேண்டும். பிளைவுட்டா, எச்.டி.எச்.எம்.ஆர். பலகையா, பி.வி.சி.யா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உங்கள் பெட்டிகள் எதனால் செய்யப்பட்டவை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உப்பிவிட்டன என்ற ஒரு சொல்லே போதும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டாகத்தான் இருக்கும். காபியில் முக்கிய ரஸ்க்கைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஒருமுறை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. திருகாணி பிடித்த இடம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இதை ஊருக்குச் சொல்லும் நானே ஒருமுறை ஏமாந்தவள்தான். 2004இல் சொந்த வீடு கட்டினோம். கையில் இருந்த பணம் கூரையோடு தீர்ந்துபோனது. சமையலறைக்கு மட்டும் மலிவாக இருக்கட்டும் என்று அந்தப் பலகையிலேயே பெட்டி செய்தேன். வெள்ளம் எதுவும் வரவில்லை. சிங்குக்கு அடியில் இருந்த வடிகுழாயின் மரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கசிவு, அவ்வளவுதான். மூன்றாவது ஆடி மாதம் புளிப்பானையை எடுக்கக் குனிந்து அடிப்பலகையில் கையை ஊன்றினேன். கை உள்ளே போய்விட்டது. மேலே ஒட்டிய மைக்கா பளபளவென்று அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே பலகை என்று ஒன்று இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சிங்குக்கு அடியில்தான்.

இப்போது உங்கள் கேள்வி. பிளைவுட்டில் 'ஐ.எஸ். 710' என்ற முத்திரை உள்ளது மரைன் பிளை எனப்படும். அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விதி. 'ஐ.எஸ். 303' பொது உபயோகத்துக்கானது. கடைக்காரர் இரண்டையுமே வாட்டர் ப்ரூஃப் என்றுதான் சொல்வார். அவர் வாயைப் பார்க்காதீர்கள், பலகையில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் ஓர் உரிம எண்ணும் இருக்கும். கைபேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு உரியது, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். மைக்கா ஒட்டுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒரே சாதிதான்.

முத்திரையையும் நான் முழுதாக நம்புவதில்லை. 710 என்று அச்சடித்த பலகையிலேயே ஏமாற்றப்பட்டிருக்கிறேன், விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். அதனால் எங்கள் பட்டறைக் கொல்லையில் ஒரு பழைய அலுமினிய அண்டா இருக்கிறது. புதுச் சரக்கு வந்ததும் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை அறுத்து அதில் போட்டுக் கொதிக்கவிடுவோம். காலையில் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போலிச் சரக்கு அப்பளம் அப்பளமாகப் பிரிந்துவிடும். நல்ல சரக்கு சாயம் மட்டும் கக்கிவிட்டுக் கிடக்கும். உங்களுக்குப் போடுகிறவரிடம் வெட்டி மிச்சமான துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். சமைக்காத பாத்திரம் ஒன்றில் வேகவையுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எச்.டி.எச்.எம்.ஆர். என்பது மரநாரை மிக அழுத்தமாக இறுக்கிச் செய்த பலகை. கதவுக்கு அருமையானது, வளையாது, பெயின்ட் வழவழப்பாக ஏறும். ஈரக்காற்றைத் தாங்கும். ஆனால் இரண்டு நாள் தண்ணீருக்குள் நிற்கச் சொன்னால் அதுவும் கைவிட்டுவிடும். பி.வி.சி., மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்கான டபிள்யூ.பி.சி. இரண்டு பலகைகளுக்கும் ஊறல் இல்லை, கரையான் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. திருகாணியை மரம்போல் கவ்விப் பிடிக்காது, கனமான பாத்திரத்தை அடுக்கினால் தட்டு நாளடைவில் தொய்யும், அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டுக்கு இளகும்.

வேளச்சேரித் தரைத்தளத்துக்கு என்னைக் கேட்டால் இவற்றில் எதையும் கீழ்ப்பெட்டிக்குச் சொல்லமாட்டேன். பழைய வீடுகளில் போட்டதுபோல் கடப்பா கல்லிலோ, கம்பிவலைமேல் சிமென்ட் பூசிச் செய்யும் ஃபெரோசிமென்ட் பலகையிலோ நடுத்தடுப்பும் தட்டும் கட்டிவிடுங்கள். கல்லில் கீல் பிடிக்காது என்பதால் முகப்பில் அலுமினியச் சட்டம் அடித்து, அதில் கதவை மாட்ட வேண்டும். கீல் வாங்கும்போது 'கிளிப் ஆன்' வகை என்று கேளுங்கள். அதில் பின்பக்கம் ஒரு சிறு நெம்பு இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் கதவு தனியே கழன்று கையோடு வந்துவிடும், திருப்புளியே வேண்டாம். மழை எச்சரிக்கை வந்ததும் கதவுகளைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிடலாம். வெள்ளம் வடிந்ததும் கல்லைக் கழுவிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மேல்பெட்டிகளுக்கு உங்கள் விருப்பம்போல் நல்ல பிளைவுட் போடுங்கள், தண்ணீர் அங்கே ஏறினால் நாம் சமையலறையைப் பற்றிக் கவலைப்பட மாட்டோம். மின் பிளக்குகள் எல்லாம் மேடைக்கு மேலேயே இருக்கட்டும்.

கண்காட்சியில் வைத்ததுபோல் இருக்காதே என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லக்கூடும். கதவு மூடியிருக்கும்போது உள்ளே கல்லா பலகையா என்று வெளியே யாருக்குத் தெரியும்?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: மூன்று இடங்களில் விலைப்பட்டியல் வாங்கினேன். மூவரும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் தருகிறார்கள். குறைந்த சதுர அடி விலை சொன்னவரின் மொத்தத் தொகைதான் மூன்றிலும் அதிகமாக இருக்கிறது. எனக்குக் கணக்கு வராது என்று மனைவி சிரிக்கிறார்.

உங்கள் கணக்கு சரிதான். அவர்கள் அளக்கும் விதம்தான் வேறு வேறு. ஒருவர் முகப்பை மட்டும் அளப்பார். பத்து அடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றால் 25 சதுர அடி. அதற்குள்ளேயே பெட்டி, தட்டு, கதவு எல்லாம் அடக்கம். இன்னொருவர் கதவைத் தனியாக, பெட்டியைத் தனியாக அளப்பார். மூன்றாமவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பலகையின் பரப்பையும் கூட்டுவார். அவருடைய சதுர அடி விலை கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

ஆகவே சதுர அடியை விட்டுவிடுங்கள். மூவரிடமும் பெட்டிவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சிங்க் பெட்டி ஒன்று, அகலம் இவ்வளவு, பலகை இன்னது, கனம் 18 மில்லிமீட்டர், முதுகுப்பலகை எத்தனை மில்லிமீட்டர், கீல் எந்த நிறுவனம், எத்தனை, என்று வரிவரியாக. முதுகுப்பலகையில்தான் பலர் கை வைப்பார்கள், சுவர்ப்பக்கம் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று. சிங்க் பெட்டிக்கும் அடுப்புப் பெட்டிக்கும் சில இடங்களில் முதுகே இருக்காது, ஆனால் முழுப்பெட்டிக்கான விலை போட்டிருப்பார்கள். பக்கவாட்டு மூடுபலகை, அடியில் கால்களை மறைக்கும் பட்டை, கைப்பிடி, கம்பிக்கூடை, கிரானைட்டில் சிங்குக்கும் அடுப்புக்கும் துளை போடும் கூலி, குழாய் வேலை, வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. இவையெல்லாம் உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் மனைவிக்கும் சிரிப்பு வராது.

இன்னொன்று. ஓரம். பலகையை அறுத்த விளிம்பில் ஒட்டும் பட்டையை எட்ஜ் பேண்ட் என்கிறோம். பலகைக்குள் தண்ணீர் நுழைவது முகத்தின் வழியாக இல்லை, இந்த விளிம்பின் வழியாகத்தான். இயந்திரத்தில் சூடான பசையோடு அழுத்தி ஒட்டியதா, வீட்டில் வந்து தூரிகையால் பசை தடவிக் கையால் ஒட்டியதா என்று விரலாலேயே கண்டுபிடிக்கலாம். நகத்தை விளிம்பில் வைத்து நெடுக இழுங்கள். இயந்திர வேலையில் நகம் வழுக்கிக்கொண்டு ஓடும். கைவேலையில் எங்காவது தடுக்கும், பட்டை மூலையில் லேசாக நெம்பும். கதவின் நான்கு ஓரத்தையும் பாருங்கள், குறிப்பாக அடிஓரத்தை. தரை துடைக்கும் ஈரம் முதலில் தொடுவது அதைத்தான், கண்ணில் படாது என்று பட்டையே ஒட்டாமல் விடுவதும் அங்கேதான். மாதிரி அறையில் எல்லாரும் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து பாருங்கள். விற்பனைக்கு நிற்கும் பையனின் முகம் மாறும், அதையும் கவனியுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: பளபளப்பான வெள்ளை அக்ரிலிக் கதவு ஆசையாக இருக்கிறது. போடலாமா?

வீட்டில் மஞ்சள்தூள் புழங்குகிறதா? தினம் தாளிப்பு உண்டா? குழந்தைகள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேல்வரிசைக்கு மட்டும் போட்டுக்கொண்டு கீழ்வரிசைக்குப் பளபளப்பில்லாத லேமினேட் போடுங்கள். விரல் ரேகை, நாரால் தேய்த்த கீறல் இரண்டையும் அக்ரிலிக் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: என் அம்மா நாலடி பத்து அங்குலம். மனைவி ஐந்தடி ஆறு. இருவருமே சமைக்கிறார்கள். மேடை உயரம் 34 அங்குலம் என்கிறார் கட்டுமானக்காரர். அம்மாவுக்குத் தோள் வலி ஏற்கெனவே உண்டு.

இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். சமைக்கிறவர்களை அளந்து எழுதிய மகன் வேறு யாரும் இல்லை.

முழங்கையை மடக்கி நின்று தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதில் நாலிலிருந்து ஆறு அங்குலம் கழித்தால் காய் நறுக்கவும் மாவு பிசையவும் வசதியான உயரம் வரும். உங்கள் அம்மாவுக்கு அது 31, 32 அங்குலத்தில் நிற்கும், மனைவிக்கு 36க்கு மேல் போகும். நடுவில் 34 என்றால் இருவருக்கும் சமாளிக்கலாம்தான். ஆனால் அடுப்பை மறந்துவிட்டார் உங்கள் கட்டுமானக்காரர். நம் வீடுகளில் கேஸ் அடுப்பு மேடைமேல் உட்காருகிறது. அடுப்பு ஓர் ஐந்து அங்குலம், அதன்மேல் இட்லிப் பானை ஓர் அடி. 34 அங்குல மேடையில் வைத்தால் பானையின் வாய் உங்கள் அம்மாவின் மோவாய்க்கு எட்டிவிடும். மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் கிளறுவதால்தான் தோள் வலிக்கிறது.

மேடையை இரண்டு மட்டமாகக் கட்டுங்கள். நறுக்கும் பக்கமும் சிங்கும் 34 அங்குலம், அடுப்பு வைக்கும் மூன்றடி நீளம் மட்டும் 29 அங்குலம். மேடையில் குழித்துப் பதிக்கும் ஹாப் அடுப்பு போடுவதாக இருந்தால் இவ்வளவு இறக்க வேண்டாம், 31 போதும். மட்டம் மாறும் இடத்தில் கிரானைட் விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளையல் உடையும். மனைவிக்குச் சிங்க் பள்ளமாகத் தெரிந்தால் ஆழம் குறைந்த சிங்க் வாங்கிவிடுங்கள். மேல்பெட்டியின் கீழ்த்தட்டு உங்கள் அம்மா கைநீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். உப்பும் புளியும் அங்கே, வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் முறுக்கு அச்சு மேலே.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: சிலிண்டர் கண்ணில் படாமல் மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடச் சொல்கிறேன். கூடாது என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?

மாமனார். ஆனால் உங்கள் ஆசையையும் கொஞ்சம் காப்பாற்றலாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுத்துக்கொள்ளும். கதவு மூடிய பெட்டிக்குள் கசிந்தால் அங்கேயே தேங்கி நிற்கும், வாசனைகூட உங்களுக்குச் சீக்கிரம் வராது. முடிந்தால் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, முறையாகக் குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு முகவரின் ஆள்தான் அதைச் செய்ய வேண்டும், வீட்டுக் குழாய் வேலைக்காரர் இல்லை. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டிக்கு அடிப்பலகையும் முகப்புப் பட்டையும் வேண்டாம். முழுக்கதவுக்குப் பதில் இடுக்கு விட்ட சட்டக் கதவு போடுங்கள், இடுக்கு தரைமட்டத்திலேயே தொடங்க வேண்டும். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. 14.2 கிலோ எரிவாயுவோடு இரும்பின் எடையும் சேர்ந்ததை நீங்கள் ஒருவரே இழுத்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் வாய் அகலம் 16 அங்குலமாவது இருக்கட்டும். அதே பெட்டிக்குள் மின் பிளக் எதுவும் கூடாது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: கம்பிக்கூடைகள் '304 எவர்சில்வர்' என்று சொல்லி விற்றார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல்தான் என்று வாங்கினேன். ஒரே வருடத்தில் மூலைகளில் துரு. காந்தம் பொய் சொல்லுமா?

காந்தம் பொய் சொல்லவில்லை, அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். 304 வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடியது. ஆகவே நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி 202 என்று ஒரு வகை செய்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது 304 இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒட்டாததால் 304தான் என்று சொல்லவே முடியாது. கூடையில் அச்சிட்ட தரமும் பில்லில் எழுதிய தரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் உங்கள் பிடி. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு கூடையில் கவிழ்த்தால் நல்ல உலோகத்துக்குக்கூடச் சோதனைதான். துரு மூலையில் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், கம்பிகளைப் பற்றவைத்த இடம் அது. பற்றவைத்த கருக்கை ஒழுங்காக நீக்கிச் சுத்தம் செய்யாவிட்டால் முதலில் போவது அங்கேதான்.

கூடையைவிட, அதைத் தாங்கி இழுக்கவும் தள்ளவும் விடும் சேனலைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று அது வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். 30 கிலோ என்பது பீங்கான் தட்டுகளுக்குப் போதும். நம் வீட்டுப் பெரிய குக்கரும் உருளியும் வெண்கலப் பானையும் ஒரே இழுப்பறையில் ஏறினால் போதாது.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மாடுலர் கிச்சனை முதலில் கண்டுபிடித்தது யார்? கட்டடக்கலை படிக்கிறேன், ஆசிரியர் கேட்டார்.

ஆசிரியருக்குப் பதில் தெரியும், உங்களைச் சோதிக்கிறார். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரப் பொதுக்குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்ததைத்தான் முன்னோடி என்பார்கள். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். இரயில் உணவுப்பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஓர் எட்டு வீணாகாமல் அடுக்கினார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அரிசி, சர்க்கரை என்று பெயர் எழுதி, கைப்பிடியோடு உருவி அப்படியே கொட்டிக்கொள்ளும் அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நம் அஞ்சறைப்பெட்டிக்குத் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும் எனக்கு. 2000ஆம் ஆண்டில், 103ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு அவர் மறைந்தார். அந்தச் சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியும். நாகர்கோவில் மாமியார் மருமகளுக்கு அது ஒத்துவந்திருக்காது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: மொத்தத் தொகையில் முக்கால் பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். வேலை முடிந்து எட்டு மாதத்தில் உயரக் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது, நல்ல வேளை யாரும் பக்கத்தில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் விழுந்த கதவையும் பெட்டியில் பெயர்ந்த இடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்துவையுங்கள். எத்தனை கீல் போட்டிருந்தார்கள் என்று எண்ணுங்கள். ஆறு, ஏழு அடிக் கதவுக்குக் குறைந்தது நான்கு கீல் வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. பிறகு போனை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள், விரைவுத் தபாலில், பதினைந்து நாள் கெடு வைத்து. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முன்பணம் கொடுக்காதவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பட்டறையில் நான் நான்கு தவணையாக வாங்குவேன். கடைசித் தவணை கதவுகளை எல்லாம் மாட்டி ஒரு வாரம் சமைத்துப் பார்த்த பிறகு. தொழில் செய்கிற எனக்கு இதனால் கை கடிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த ஒரு வாரத்தில்தான் எந்த இழுப்பறை குளிர்பதனப் பெட்டியின் கதவில் இடிக்கிறது என்று தெரியவருகிறது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி: எல்லாம் போட்டாகிவிட்டது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் மாவாட்டும் கிரைண்டருக்கு இடம் விட மறந்துவிட்டோம். இப்போது பால்கனியில் வைத்து ஆட்டுகிறேன்.

நீங்கள் மட்டும் இல்லை. பாதி வரைபடங்களில் மைக்ரோவேவுக்குத் தனி மாடம் இருக்கும், கிரைண்டர் என்ற சொல்லே இருக்காது. படம் போட்ட பிள்ளைகள் பாக்கெட் மாவு வாங்குகிறவர்களாக இருக்கலாம்.

கவலை வேண்டாம், வழி இருக்கிறது. உங்கள் மேடை மூலையில் ஒரு சுழல் தட்டுப் பெட்டி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பெட்டியின் உள்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் அடியில் பலகைக்குப் பதில் ஒன்றேகால் அங்குலக் கல் ஒன்றைச் செங்கல்மேல் உட்காரவையுங்கள். கல்லின் பாரம் பெட்டியில் விழாமல் தரையில் இறங்க வேண்டும், அதிர்வு பலகைக்கு ஏறக் கூடாது. கிரைண்டரை அங்கே வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டலாம். உட்கார்ந்தால் கை உளுந்துக்கு எட்டுகிறதா என்று கல் வைக்கும் முன்பே ஒருமுறை முக்காலியோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள், ஒயர் மேடை விளிம்பு வழியாக வந்து மேலேயே மாட்டட்டும். கழுவிய தண்ணீர் போக அந்தக் கல்லை முன்பக்கம் கால் அங்குலம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய தட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நல்ல பலகையாக இருந்தால் ஒரு துண்டு அறுத்து வேகவைத்துப் பார்த்து, என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.